எண்ணிக்கை சொல்லாததை ஒலிநாடா சொன்னது

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமான காரியம். அந்த மருந்து உண்மையிலேயே பயன் தருகிறதா என்று கண்டறிவது சில வேளைகளில் அதைவிடக் கடினமானது. நோயாளிக்கு மருந்து கொடுத்தோம், அவர் குணமடைந்தார். மருந்தினால்தான் குணமடைந்தாரா? கொடுக்காமல் விட்டிருந்தாலும் குணமடைந்திருப்பாரா? ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இரண்டையும் செய்து பார்க்க முடியாதல்லவா?

இச்சிக்கலிலிருந்து மீள மருத்துவ அறிவியல் கண்ட வழி மிக எளிமையானது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரு பிரிவாகப் பிரித்துவிடுவது. ஒரு பிரிவினருக்கு ஒரு சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு வேறொன்று. யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரும் முடிவு செய்வதில்லை. நோயாளியும் முடிவு செய்வதில்லை. ஆட்களின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் வயது, உடல் வலிமை, வறுமை, பழக்க வழக்கங்கள் ஆகிய எல்லாமே இரு பிரிவுகளிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். அதன் பின்னர் விளைவில் காணும் வேறுபாட்டுக்குச் சிகிச்சையே காரணம் என்று ஓரளவு துணிந்து கூறலாம். இதனைச் சமவாய்ப்பு முறை ஆய்வு என்பர்.

இம்முறை நமக்குப் புதியதன்று. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் ஓராண்டுக் காலம் தங்கவைத்துச் சிகிச்சை செய்ய வேண்டுமா, அல்லது அவர்கள் தம் வீட்டிலேயே இருந்துகொண்டு மருந்து உட்கொண்டால் போதுமா என்பது அம்மையம் எடுத்துக்கொண்ட வினா. 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டம் ஆகியவை எல்லாம் சானடோரியத்தில் இருந்தும், வீட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் அவர்களுக்குப் பின்தங்கவில்லை என்பது 1959-இல் வெளியான முடிவு. உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றிய முடிவு அது.

ஆனால் இத்தகைய ஆய்வு ஒன்றை நம்பி நிற்கிறது. அதுதான் நோயாளியின் சம்மதம். "உமக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும், ஒப்புக்கொள்கிறீரா?" என்று ஒருவரிடம் கேட்க வேண்டும். அவருக்கு வந்திருப்பது புற்றுநோயாக இருந்தால்? அறுவைச் சிகிச்சை ஒரு பக்கமும், சிகிச்சை எதுவும் செய்யாமல் கவனித்து வருவது மறு பக்கமும் இருந்தால்? எத்தனை பேர் 'சரி' என்பார்கள்?

பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டில் சில மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது.

நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்பது அதன் பெயர். சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவே புகுந்து செல்கிறது. இச்சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய் விந்தையான இயல்புடையது. சிலருக்கு விரைவாகப் பரவி எலும்புகளைத் தாக்கி உயிரைக் குடித்துவிடும். வேறு பலருக்கோ ஆண்டுக்கணக்கில் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும். வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்கு இப்புற்றுநோய் இருந்ததும், அது வாழ்நாள் முழுவதும் அவர்களுக்கே தெரியாமல் இருந்ததும் தெரியவந்தன.

பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவை இரத்தத்தில் கண்டறியும் சோதனை 1980-களின் பிற்பகுதியிலிருந்து பரவலாக வழக்கத்துக்கு வந்தது. அதனால், எந்தத் தொல்லையும் இல்லாத ஆயிரக்கணக்கான ஆண்களுக்குச் சுரப்பிக்குள் அடங்கிய சிறு புற்று இருப்பது தெரியலாயிற்று. தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது? சுரப்பியை முழுவதுமாக அறுத்து எடுக்கலாம். கதிர்வீச்சினால் அழிக்கலாம். அல்லது அடிக்கடி இரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் வளர்வதற்கான அறிகுறி தோன்றினால் மட்டும் சிகிச்சை தொடங்கலாம். முதல் இரண்டு வழிகளும் சிறுநீரை அடக்கும் திறனையும் ஆண்மையையும் பாதிக்கக் கூடியவை. மூன்றாவது வழியில் அத்துன்பம் குறைவு. ஆனால் காத்திருக்கும்போது நோய் கைமீறிப் போய்விட்டால்?

மூன்றில் எது நல்லது என்பது ஒருவருக்கும் தெரியாது. அறுவை மருத்துவர் அறுவையையே சிறந்தது என்பார். கதிர்வீச்சு நிபுணர் கதிர்வீச்சையே சிறந்தது என்பார். சமவாய்ப்பு முறை ஆய்வு ஒன்றே இதற்கு விடை காண வழி. ஆனால் அதற்கு நோயாளிகள் கிடைப்பது எளிதாக இல்லை. அமெரிக்காவில் 1994 முதல் 2002 வரை, அறுவைச் சிகிச்சையையும் வெறும் கண்காணிப்பையும் ஒப்பிடும் ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். தகுதியுடையவர்களாகக் காணப்பட்ட 5,023 பேரில் ஆய்வில் சேர்ந்தவர்கள் 731 பேரே.

ஆகவே பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆய்வில் இறங்கவில்லை. இப்படியோர் ஆய்வு நடத்த முடியுமா என்பதையே முதலில் ஆராய்ந்தனர். ஷெஃபீல்டு, நியூகாசில், பிரிஸ்டல் ஆகிய மூன்று நகரங்களில் முன்னோடி வேலை தொடங்கியது. ஃப்ரெடி ஹாம்டி, டேவிட் நீல் என்னும் அறுவை மருத்துவர் இருவரும் இதன் தலைவர்கள். மூன்றாவது தலைவர் ஜென்னி டானவன் என்னும் பெண்மணி. அவர் மருத்துவர் அல்லர், சமூகவியல் அறிஞர். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பேர் வரைதான். கண்காணிப்புப் பிரிவில் போடப்பட்ட பலர் அதை ஏற்கத் தயங்கினர். இப்படியே போனால் கண்காணிப்பைக் கைவிட்டுவிட்டு, அறுவை, கதிர்வீச்சு என்ற இரண்டை மட்டும் ஒப்பிட வேண்டிய நிலை ஏற்படும்.

ஏன் மறுக்கிறார்கள்?

இங்கே எண்ணிக்கையின் எல்லை வந்துவிட்டது. நூற்றுக்கு நாற்பது என்ற எண், அறுபது பேர் மறுத்தார்கள் என்று சொல்லும். ஏன் மறுத்தார்கள் என்று சொல்லாது. அதை இன்னும் நுட்பமாக 38.7 என்று கணக்கிட்டாலும் சொல்லாது.

பள்ளியில் வேதியியல் செய்முறை வகுப்புக்குச் சென்ற மாணவர்களுக்கு இது புதிராக இருக்காது. கொடுக்கப்பட்ட உப்பில் இருப்பது எது என்று காண்பது பண்பறி பகுப்பு. எவ்வளவு இருக்கிறது என்று காண்பது பருமனறி பகுப்பு. முதலாவதற்குச் சோதனைக் குழாய், இரண்டாவதற்குப் பியூரெட். பியூரெட்டை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் கரைசலில் இருப்பது குளோரைடா சல்ஃபேட்டா என்று அது தானாகச் சொல்லிவிடாது. மருத்துவ ஆராய்ச்சியிலும் இதே இரு சொற்கள் வழங்குகின்றன. எண்ணியும் அளந்தும் அறிவது அளவறி முறை. மனிதர்களிடம் பேசியும், பேசுவதைக் கேட்டும், பழகுவதைக் கவனித்தும் அறிவது பண்பறி முறை. நெடுங்காலமாக மருத்துவ உலகம் இரண்டாவதை ஒரு மாற்றாந்தாய்ப் பிள்ளையாகவே நடத்தி வந்தது. 'நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து ஆராய்ச்சி என்கிறார்கள்' என்ற ஏளனம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

டானவனின் குழு செய்தது வெறும் பேச்சன்று. புற்றுநோய் இருப்பதாக அறிவிக்கப்பட்ட ஆண்களை அவர்கள் பேட்டி கண்டனர். அது மட்டுமன்று; மருத்துவர் அல்லது செவிலியர் நோயாளிக்கு ஆய்வைப் பற்றி விளக்கும் அந்தச் சந்திப்பையே, உரிய இசைவு பெற்று, ஒலிநாடாவில் பதிவு செய்தனர். பின்னர் அப்பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத்தில் பெயர்த்தனர். எந்தச் சிகிச்சையைப் பற்றி முதலில் பேசினார்? எவ்வளவு நேரம் பேசினார்? எந்தச் சொல்லைக் கையாண்டார்? அதைக் கேட்டு நோயாளி என்ன கேட்டார்? பிறகு பேட்டியில் அதை எப்படிப் புரிந்துகொண்டதாகச் சொன்னார்? ஒரு நாடாவில் கண்டதை அடுத்த நாடாவோடு ஒப்பிட்டு, பொருந்துவதையும் பொருந்தாததையும் பிரித்துக் குறித்துக்கொண்டே போவது இவ்வேலை. பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே பல மணி நேரம் பிடிக்கும்.

ஒலிநாடா வெளிப்படுத்தியவை

முதலாவது, வரிசை. மருத்துவர்கள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையில் தொடங்கி, அடுத்துக் கதிர்வீச்சை விளக்கி, கடைசியாகக் கண்காணிப்புக்கு வந்தனர். முன்னிரண்டும் விரிவாகவும் விளக்கமாகவும் இருந்தன. மூன்றாவதற்குக் கிடைத்தது சில சொற்களே. மூன்றும் சமம் என்று தாம் கருதுவதாக அவர்கள் கூறியது பொய்யன்று. ஆனால் அவர்களின் பேச்சு வேறு விதமாகச் சாய்ந்திருந்தது. தராசு சமமாக இருக்கிறதென்று நம்பிக்கொண்டே ஒரு தட்டில் விரலை வைத்திருந்தார்கள் எனலாம். அது அவர்களுக்கே தெரியாது. தம் குரலைத் தாமே கேட்டபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது, பெயர். மூன்றாவது வழியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'வாட்ச்ஃபுல் வெயிட்டிங்' என்ற தொடர் வழங்கி வந்தது. கவனத்துடன் காத்திருத்தல் என்று பொருள். மருத்துவருக்கு அது ஒரு கலைச்சொல். நோயாளிக்கோ அது வேறாக ஒலித்தது. எனக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள், நான் சாவதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள் என்று அவர்கள் பொருள் கொண்டனர். இப்படிப் புரிந்துகொண்ட ஒருவர் எப்படிச் சம்மதிப்பார்?

மூன்றாவது, 'ட்ரையல்' என்னும் சொல். அறிவியலாருக்கு அது முறையான ஆய்வு. கேட்டவர்களில் சிலருக்கோ, செய்துதான் பார்ப்போமே என்ற குருட்டு முயற்சி. தம் உடலை வைத்து யாரோ பழகிப் பார்க்கப் போகிறார்கள் என்ற அச்சம் அதில் இருந்தது.

நான்காவதாக ஒன்று. நோயைப் பற்றி விளக்கும்போது, பத்தாண்டுகளில் சிலர் இறந்துவிடக்கூடும் என்ற வகையில் செய்தி சொல்லப்பட்டது. கேட்டவரின் மனத்தில் நின்றது இறப்பு ஒன்றே. பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருப்பார்கள் என்பதும் அதே உண்மைதான்; அதே கணக்கின் மறுபக்கம்தான். சொல்லும் விதம் மாறியது, உண்மை மாறவில்லை.

இவற்றை அறிந்ததும் மாற்றங்கள் செய்யப்பட்டன. கண்காணிப்புக்கு உரிய இடமும் நேரமும் கொடுத்து விளக்கினர். அதன் பெயர் 'முனைப்பான கண்காணிப்பு' என்று பொருள்படும் தொடராக மாறியது. 'ட்ரையல்' போய் 'ஸ்டடி' வந்தது. விளக்கம் தருவோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நூற்றுக்கு 40 ஆக இருந்த சம்மதம், 2001 மே மாதத்தில் நூற்றுக்கு 70 ஆக உயர்ந்தது. மூன்று பிரிவுகளும் கொண்ட பெரிய ஆய்வை நடத்தலாம் என்ற முடிவுக்கு வந்தனர். இச்செய்தி 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையாக வெளிவந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்தது கேட்டல். கண்டுபிடித்த காரணம் சரிதானா என்று காட்டியது எண்ணல். ஒலிநாடாவைக் கேட்டு ஒருவர் எவ்வளவு நயமான விளக்கம் சொன்னாலும், மறு ஆண்டும் நூற்றுக்கு நாற்பதே நின்றிருந்தால் அவ்விளக்கத்தை யார் மதிப்பார்கள்?

இரண்டு ஐயங்கள்

இது ஆள் பிடிக்கும் தந்திரம் அன்றோ என்று வாசகர்கள் கேட்கலாம். பெயரை மாற்றி, இனிப்புத் தடவி, அஞ்சிய மனிதரைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்பே. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பெயரை மட்டும் மாற்றியிருந்தால் அக்குற்றச்சாட்டு நிற்கும். ஆனால் அப்பெயருக்குரிய பொருளும் வகுக்கப்பட்டிருந்தது. முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் இரத்தச் சோதனை. பன்னிரண்டு மாதங்களுக்குள் பி.எஸ்.ஏ. அளவு பாதிக்குப் பாதி உயர்ந்தால் உடனே மறுபரிசீலனை, வேண்டுமானால் சிகிச்சை. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்கள் என்பதுதான் தவறான செய்தி, திருத்தப்பட்டது அதுவே. மேலும், ஏமாற்றிச் சேர்க்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் யோசித்ததும் விலகிவிடுவார். இங்கே கண்காணிப்புக்குக் குலுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 88 பேரும், அறுவைக்குரியவர்களில் 71 பேரும், கதிர்வீச்சுக்குரியவர்களில் 74 பேரும் முதல் ஒன்பது மாதங்களில் தமக்கு விழுந்த சிகிச்சையையே பெற்றார்கள். முதலில் எல்லாரும் அஞ்சிய பிரிவிலேயே மிகுதியானவர் நிலைத்தனர் என்பதைக் காண்க.

இரண்டாவது ஐயம் இதைவிட வலுவானது. சம்மதம் 40-இலிருந்து 70 ஆனதற்கு இம்மாற்றங்களே காரணம் என்பதற்கு என்ன சான்று? ஓராண்டுக் காலத்தில் செவிலியர்களும் மருத்துவர்களும் பழகித் தேர்ந்திருக்கலாம். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்த்தார்களே ஒழிய, சமவாய்ப்பு முறையில் சோதிக்கவில்லை. சமவாய்ப்பு ஆய்வு ஒன்றைக் காப்பாற்றிய வழி, தானே அந்தச் சோதனைக்கு உட்படவில்லை என்பது ஒரு வேடிக்கைதான். இந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், பின்னர் பிரிஸ்டல் குழுவினர் இவ்வழியை முறைப்படுத்தி, ஆள் சேர்ப்பது கடினமாக இருந்த வேறு பல ஆய்வுகளிலும் கையாண்டபோது, அங்கும் விளக்குவோரின் பேச்சில் இதே சாய்வுகள் வெளிப்பட்டன.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்

பெரிய ஆய்வு ஒன்பது நகரங்களில் நடந்தது. 1999 முதல் 2009 வரை, 50 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட 82,429 ஆண்களுக்கு இரத்தச் சோதனை செய்யப்பட்டது. சுரப்பிக்குள் அடங்கிய புற்று 2,664 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 1,643 பேர் குலுக்கலுக்கு ஒப்பினர்; நூற்றுக்கு ஏறக்குறைய 62 பேர். அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்தே என்பதை இங்கு நினைவு கூரலாம். இரு நாட்டு நிலைமைகளும் ஒன்றல்ல. ஆகவே இந்த ஒப்பீட்டை மிகையாக எடுத்துக்கொள்ளலாகாது. கண்காணிப்புக்கு 545 பேர், அறுவைக்கு 553 பேர், கதிர்வீச்சுக்கு 545 பேர் என்று குலுக்கல் பிரித்தது.

முதல் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. பத்தாண்டுகளில் இப்புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து 17 பேர் மட்டுமே. 2023-இல், பதினைந்து ஆண்டுகள் கடந்த பின் கணக்கெடுத்தபோது இவ்வெண்ணிக்கை 45 ஆக இருந்தது: கண்காணிப்பில் 17, அறுவையில் 12, கதிர்வீச்சில் 16. எந்தப் பிரிவைப் பார்த்தாலும் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று பேரே. பிரிவுகளுக்கிடையே உறுதியான வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு 9.4 பேருக்கு, மற்ற இரண்டிலும் அதில் பாதியளவே. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் நாலில் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் எந்தச் சிகிச்சையும் பெறாமலே வாழ்ந்துகொண்டிருந்தார்.

இவ்வெண்களுடன் வேறு சில எண்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். அறுவைப் பிரிவினரில் ஆறாம் மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் சிறுநீர்க் கசிவுக்காக உறிஞ்சும் துணிப்பட்டை அணிய வேண்டியிருந்தது. கண்காணிப்பில் இத்தொல்லை நூற்றுக்கு 4 பேருக்கே. ஆறாண்டுகள் கழிந்த பின்னும் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 17 பேருக்கு அது நீங்கவில்லை.

புற்று என்ற சொல்லைக் கேட்டவுடனே 'எப்படியாவது வெட்டி எடுத்துவிடுங்கள்' என்பதே மனித இயல்பு. நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது, அவசரப்பட்டு அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது என்பது இவ்வாய்வினால் இன்று பலருக்குக் கிடைத்திருக்கும் செய்தி. கண்காணிப்புப் பிரிவு கைவிடப்பட்டிருந்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்திராது.

தமிழில் கேட்டால்

இந்தியாவில் மருத்துவ ஆய்வில் சேர்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தந்து சம்மதம் பெற வேண்டும் என்பது சட்டம். எனவே தமிழ்நாட்டில் இவ்விளக்கத் தாள்கள் தமிழில் பெயர்க்கப்படுகின்றன. 'ட்ரையல்' என்பதற்குச் 'சோதனை' என்று எழுதுவார்கள். "எனக்கு ஏன் இந்தச் சோதனை?" என்று தெய்வத்திடம் முறையிடும்போது நாம் கையாளும் சொல்லும் அதுவே. 'குலுக்கல்' என்றாலோ பரிசுச் சீட்டு நினைவுக்கு வரும். 'சமவாய்ப்பு' என்பது கணிதப் பாடம் படித்தவருக்கு விளங்கும். மற்றவருக்கு அது ஏதோ உரிமைக் குரல் போல் ஒலிக்கலாம். இவற்றில் எந்தச் சொல் நோயாளியின் காதில் எப்படி விழுகிறது என்பதை மேசையருகே அமர்ந்து அகராதியைப் புரட்டி முடிவு செய்ய இயலாது.

2019-இல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி, புதிய மருந்துப் பொருள்களை ஆராயும்போது, எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களிடம் சம்மதம் பெறும் நிகழ்ச்சியை ஒலி, ஒளிப் பதிவாக எடுத்து வைக்க வேண்டும். நாளை வழக்கு வந்தால் சான்றாகக் காட்டுவதற்கான ஏற்பாடு இது. பதிவு செய்த பேச்சைப் பிரிஸ்டல்காரர்கள் வேறு நோக்கத்துடன் கேட்டார்கள். அப்படிக் கேட்பதென்றால் நோயாளியிடம் அதற்கெனத் தனியே இசைவு பெற வேண்டும். அவருடைய பெயரையும் அடையாளத்தையும் மறைத்துக் காக்க வேண்டும். பிறகு ஒருவர் உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல், எழுதத் தொடங்க வேண்டும்.